கொதிக்க வைத்த மோர்

அந்த வீட்டில் நான் கொதிக்க வைக்காமல் விட்டது என் வீட்டுக்காரரை மட்டும்தான் என்று பக்கத்து அறை அக்கா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அதில் முக்கால்வாசி உண்மை. குடிக்கிற தண்ணீர், பால், கரண்டி, பிள்ளையின் துணி, பிள்ளை கடித்து விளையாடுகிற மர வளையம், எல்லாம் என் கரி அடுப்பில் ஒரு முறையாவது ஏறி இறங்கியிருக்கும். ஐம்பதுகளின் கடைசி அது. சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் குடியிருந்தோம். கீழே முடிதிருத்தும் கடை. மேலே பலகை வைத்துத் தடுத்த நாலு அறை, நாலு குடும்பம். பின்பக்கம் எல்லாருக்கும் பொதுவாக ஒரு சமையலறை. அதில் என் அடுப்பு மட்டும் அணைந்ததே இல்லை.

காரணம் இல்லாமல் யாரும் இப்படி ஆவதில்லை. எனக்கு முதலில் ஓர் ஆண் பிள்ளை பிறந்தது. ஏழு மாதத்தில் வயிற்றுப்போக்கு வந்தது. வயிறு ஓய்வெடுக்கட்டும், எதுவும் கொடுக்காதே என்றுதான் அந்தக் காலத்தில் எல்லாரும் சொன்னார்கள். நானும் கொடுக்கவில்லை. தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் பிள்ளை இல்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத வரவில்லை.

ஆகவே பெண் பிறந்தபோது நான் பாதி ஆளாகத்தான் இருந்தேன். அவள் தும்மினால் எனக்கு மார் அடித்துக்கொள்ளும். தும்மாவிட்டால் ஏன் தும்மவில்லை என்று பார்ப்பேன். நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்ள வீட்டில் ஆள் தேவைப்பட்டது, அதனால் நின்றேன். படிக்காததால் படித்தவர்கள் சொல்வதை அப்படியே பிடித்துக்கொள்வேன். அவர்கள் ஒரு முறை சொன்னால் நான் பத்து முறை செய்வேன். வினையே அங்கேதான் வந்தது.

அவளுக்குப் பத்து மாதம் நடக்கும்போது, நாலைந்து நாள் விடாமல் மழை பெய்து சந்தில் சாக்கடை நிரம்பி வழிந்த ஒரு வாரத்தில், திங்கட்கிழமை காலை அவளுக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. மதியத்துக்குள் ஏழு துணி. அப்போதெல்லாம் துவைத்த துணியை மூங்கில் கழியில் கோர்த்து, சன்னலுக்கு வெளியே தெருவைப் பார்த்து நீட்டி வைப்போம். எங்கள் சன்னலில் அன்றைக்கு வெள்ளைத் துணியாக ஆடியதைப் பார்த்து, கீழே முடிதிருத்தும் கடைக்காரர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு அண்ணாந்து கேட்டார்:

"என்ன தங்கச்சி, பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?"

எனக்கு அழுகைதான் பதிலாக வந்தது.

என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் கப்பலில் இருந்து சரக்கு இறக்கும் வேலை. பேச்சு குறைந்த மனுஷர். அன்று சாயங்காலம் வந்து பிள்ளையைப் பார்த்தார். "ஒண்ணும் குடுக்காதே, வயிறு ஓயட்டும்" என்றார். அதே வார்த்தை. அவரையும் குறை சொல்ல முடியாது. அவருக்கும் வேறு எதுவும் தெரியாது.

நல்ல வேளையாக மறுநாள் மிஸ்ஸி வந்தார். நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். தாய்சேய் நிலையத்திலிருந்து வாரம் ஒரு முறை எங்கள் சந்துக்கு வருவார். கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் கறுப்புப் பை, வெள்ளைச் சீருடையில் ஒரு சொட்டுச் சேறு இருக்காது. அந்தச் சந்தில் எப்படித்தான் நடந்து வந்தாரோ. பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். தோல் உடனே படிந்தது. கண்ணைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், கடைசியாக எப்போது மூத்திரம் போனாள் என்று கேட்டார்.

"இப்ப பயம் இல்ல. ஆனா நிறுத்தாம குடுக்கணும். தாய்ப்பால் குடுங்க. கஞ்சித் தண்ணியில உப்பு போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க. வெளிய போற அளவுக்கு உள்ள போகணும், புரியுதா?"

"வயிறு ஓய்வெடுக்க வேணாமா மிஸ்ஸி?"

"வயிறு என்ன ஆபீஸுக்கா போகுது, லீவு எடுக்க? குடுங்க."

என் வீட்டுக்காரர் அறைக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீர் மோரும் குடுங்க," என்றார் மிஸ்ஸி. "உறைஞ்ச தயிரா இருக்கணும், தண்ணி விட்டுக் கடைஞ்சு. எங்க வார்டுல ஒரு டாக்டர் புளிச்ச பால்தான் குடுக்கச் சொல்வார். ஏன் கேக்குதுன்னு எனக்கே முழுசாத் தெரியாது. ஆனா நிறைய பிள்ளைங்க அதுல எழுந்திருக்கிறதைப் பாத்திருக்கேன். கண்ணு உள்ள போனா, மூத்திரம் நின்னா, ரத்தம் வந்தா, மோரும் வேணாம் கஞ்சியும் வேணாம், தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிடணும்."

மாடிப்படி இறங்கும்போது திரும்பிப் பார்த்து வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்: "வாயில போறது எல்லாம் கொதிக்க வெச்சு ஆற வெச்சுக் குடுங்கலா. மறக்காதீங்க."

நான் மறப்பேனா?

அந்த மாடியில் நல்ல தயிர் என்றால் அக்கா வீட்டுத் தயிர்தான். பஃபலோ ரோட்டுப் பக்கம் மாடு வைத்திருந்த பால்காரரிடம் பால் வாங்கி, தினமும் ஒரு பீங்கான் சாடியில் உறை ஊற்றுவார். கத்தியால் வெட்டலாம் போல இருக்கும். புதன்கிழமை கேட்டேன். ஒரு பெரிய டம்ளர் நிறையக் கொடுத்தார். கொடுக்கும்போதே முகத்தைச் சுளித்தார்.

"பச்சப் புள்ளைக்கு மோரா? சளி கட்டும்லா. உன் மிஸ்ஸி சொன்னா நீ மண்ணைக்கூடத் திம்பே."

"கொதிக்க வெச்சுதான் குடுப்பேன்க்கா."

"மோரைக் கொதிக்க வெப்பியா?" என்று அக்கா சிரித்த சிரிப்பு சமையலறை முழுக்கக் கேட்டது. நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எல்லாம் என்று மிஸ்ஸி சொன்னார். மோரும் எல்லாத்தில் சேர்த்திதானே?

தயிரைக் கடைந்து, தண்ணீர் விட்டு, அடுப்பில் வைத்தேன். தளதளவென்று கொதித்தது. திரிந்து, கட்டி ஒரு பக்கம் தண்ணீர் ஒரு பக்கமாகப் பிரிந்தது. அதைத் துணியில் வடிகட்டி, ஆற வைத்து, உப்பு போட்டு, கரண்டி கரண்டியாகப் புகட்டினேன். புதன் முழுக்க. வியாழன் முழுக்க. கஞ்சித் தண்ணீரும் தாய்ப்பாலும் விடாமல் போனது. பிள்ளை சோர்ந்துதான் கிடந்தாள், ஆனால் கண் உள்ளே போகவில்லை. துணி மட்டும் குறையவே இல்லை. புதன் ஒன்பது. வியாழன் ஒன்பது. கழி கொள்ளாமல் அக்காவின் கழியில் இரண்டு துணி போட்டேன்.

"உன் மோர் வேலை செய்யுதா?" என்றார் அக்கா, என் துணியைத் தள்ளிவிட்டுத் தன் வீட்டு வேட்டிகளைக் காய வைத்தபடி.

"இல்லக்கா."

"நான் சொல்லல?"

என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது சொன்னார்: "அந்தம்மா வெள்ளைச் சட்டை போட்டிருந்தா எல்லாம் தெரியுமா?" நாலு நாளில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

வியாழன் சாயங்காலம் வடிகட்டியதில் கட்டி கொஞ்சம் மிச்சம் இருந்தது. எதையும் வீணாக்க எனக்கு மனசு வராது. கொஞ்சம் பாலைக் காய்ச்சி ஆற வைத்து, அந்தக் கட்டியை உறையாகப் போட்டு மூடி வைத்தேன். நாளைக்கு அக்காவிடம் கையேந்த வேண்டாம், நம் வீட்டிலேயே தயிர் இருக்கும் என்று கணக்கு.

வெள்ளிக்கிழமை காலை மூடியைத் திறந்தேன். பால் பாலாகவே இருந்தது. ஆட்டினேன், தண்ணீர் போல ஆடியது. அடியில் அந்த வெள்ளைக் கட்டி மட்டும் துணுக்குத் துணுக்காகக் கிடந்தது.

எனக்கு முதலில் வந்தது பயம்தான். பால் கெட்டதா? பாத்திரம் சுத்தமில்லையா? என் கையே ராசி இல்லாததா? மழைக்காலம், குளிர்ச்சி, அதனால் உறையவில்லையா? ஆனால் பக்கத்திலேயே, அதே மேடையில், அதே பால்காரர் பாலில் அக்காவின் சாடி கெட்டியாக உறைந்து நின்றது. அதே இரவு, அதே குளிர். வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். அவர் போட்ட உறை பச்சை. நான் போட்ட உறை கொதித்தது.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு சொட்டுத் தயிர் ஒரு சாடிப் பாலைத் தயிராக்குகிறது என்றால், அந்தச் சொட்டுக்குள் ஏதோ இருந்து வேலை செய்கிறது. உயிர் இல்லாதது வேலை செய்யுமா? அதைத்தான் நான் இரண்டு நாளாகத் தளதளவென்று கொதிக்க வைத்துக் கொன்றிருக்கிறேன். செத்த மோரைக் கொடுத்துவிட்டு, மோர் கேட்கவில்லை என்று அழுதிருக்கிறேன். மிஸ்ஸி சொன்ன மோரை என் பிள்ளை இன்னும் குடிக்கவே இல்லை!

யாரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. உறையாத பால்தான் சொன்னது. வாழ்க்கையில் முதல் தடவையாக நானாக ஒன்றைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது.

எழுந்து அக்காவிடம் ஓடினேன். "அக்கா, ஒரு கரண்டி தயிர் குடுங்க. கொதிக்க வைக்காம குடுக்கப் போறேன்."

அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. "இன்னைக்கு வெள்ளிக்கிழமை."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை தயிரையும் உப்பையும் வீட்டை விட்டு வெளியே கொடுத்தால் லட்சுமியும் கூடவே போய்விடுவாள். எங்கள் எல்லார் வீட்டிலும் அந்தப் பழக்கம் உண்டு. நானும் யாருக்கும் கொடுத்தவள் இல்லை. கடைத் தயிர் வாங்கலாம் என்றால் தேக்கா மார்க்கெட்டில் ஈ மொய்க்கும் அந்தப் பானைகள் கண் முன்னே வந்தன.

"அக்கா, பாப்பாவுக்காகக் கேக்குறேன்க்கா."

"தெரியுதுலா. அதுக்காக வெள்ளிக்கிழமை என் கையால தயிர் குடுக்கச் சொல்றியா? என் வீட்டு லட்சுமி உன் வீட்டுல வந்து என்ன செய்வா, உன் அடுப்புல அவளையும் கொதிக்க வைப்பே."

நான் அழ ஆரம்பித்தேன். அக்கா துருவலை நிறுத்தினார். என்னைப் பார்த்தார், சாடியைப் பார்த்தார். பிறகு எழுந்து, சாடியின் மூடியை எடுத்து மேடையில் வைத்துவிட்டு, கூரையைப் பார்த்துப் பேசினார்:

"நான் யாருக்கும் எதுவும் குடுக்கல. நான் குளிக்கப் போறேன். திறந்து கிடக்கிற சாடியை யாராவது தொட்டா எனக்கு எப்படித் தெரியும்? பூனை வந்துகூடக் குடிச்சிருக்கும்."

"அக்கா—"

"பூனை பேசாதுலா. சீக்கிரம்."

இரண்டு கரண்டி எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கொதித்து ஆறிய தண்ணீர் விட்டுக் கடைந்தேன். அடுப்பு பக்கத்திலேயே எரிந்துகொண்டிருந்தது. என் கை ஒரு முறை பாத்திரத்தைத் தூக்கி அடுப்பு வரைக்கும் கொண்டுபோய்விட்டது. பழக்கம் அப்படி. பச்சையாக ஒரு பொருளை அவள் வாயில் வைத்ததே இல்லை நான். கெட்டது ஏதாவது ஆகிவிட்டால்? இன்னொரு தடவை என்னால் தாங்க முடியுமா? கரண்டியைச் சாய்த்தேன், பாதி மோர் அவள் தாடையில் வழிந்தது. மீதிப் பாதியை அவள் விழுங்கினாள். நாக்கைச் சுழற்றினாள். புளிப்புக்கு முகத்தை ஒரு கோணலாக்கிவிட்டு, வாயைத் திறந்து இன்னும் என்றாள்.

அன்று பகல் முழுக்க ஒரு கரண்டி மோர், ஒரு கரண்டி கஞ்சித் தண்ணீர், நடுவே தாய்ப்பால். வெள்ளிக்கிழமை ஏழு துணி. சனிக்கிழமை மதியம் வரைக்கும் இரண்டு.

சனிக்கிழமை அரை நாள் வேலையை முடித்துக்கொண்டு மிஸ்ஸி எட்டிப் பார்த்தார். நான் செய்ததை எல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்தேன், கொதிக்க வைத்தது, உறையாத பால், பூனை வரைக்கும். மிஸ்ஸி சிரித்துச் சிரித்துக் கறுப்புப் பையைக் கீழே வைத்துவிட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என் தப்புதான் தங்கச்சி. எல்லாம்னு சொன்னேன்ல."

"மோர்தானே மிஸ்ஸி குறைச்சது? அதுதானே?"

சிரிப்பு நின்றது. அவர் பொய் சொல்லாத மனுஷி. "ஒரு பிள்ளையை வெச்சுச் சத்தியம் பண்ண முடியாது. வயித்துப்போக்கு அஞ்சாறு நாள்ல தானாவும் நிக்கும். உசுரைப் பிடிச்சு வெச்சது கஞ்சித் தண்ணியும் உப்பும் தாய்ப்பாலும். மோர் கொஞ்சம் முன்னாடியே நிறுத்தி இருக்கலாம். அவ்வளவுதான் நான் சொல்வேன்."

"அப்ப எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது?"

"நிறைய பிள்ளைங்க வேணும். பாதிப் பேருக்குப் பச்சை மோர், பாதிப் பேருக்குக் கொதிக்க வெச்ச மோர். எது எதுன்னு குடுக்கிறவளுக்கே தெரியக் கூடாது."

"கொதிக்க வெச்ச மோரை எந்தத் தாய் வாங்குவா?" என்றார் அக்கா உள்ளேயிருந்து. "இவளை விட்டா ஆளே கிடையாது."

மோர்தான் குறைத்ததா என்ற கேள்வி பல வருஷம் என் மனசில் அரித்துக்கொண்டே இருந்தது. அறுபதுகளில் நாங்கள் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடிக்கு மாறிய பிறகு, பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்று எந்தத் தாய் வந்து நின்றாலும், முதலில் உப்புக் கஞ்சித் தண்ணீர், கூடவே மோர், அபாய அடையாளம் தெரிந்தால் ஆஸ்பத்திரி என்று மிஸ்ஸி சொன்ன வரிசையிலேயே சொல்வேன். நம்பாதவர்களுக்கு இரண்டு டம்ளர் பால் வைத்துக் காட்டுவேன். ஒன்றில் பச்சைத் தயிர், ஒன்றில் கொதித்த தயிர். மறுநாள் காலை அவர்களே வந்து பார்ப்பார்கள். சீனப் பெண், மலாய்ப் பெண், எல்லாருக்கும் அந்த டம்ளர் புரிந்தது, மொழி தேவைப்படவில்லை. ஆனால் டம்ளர் காட்டுவது தயிருக்கு உயிர் இருக்கிறது என்பதை மட்டும்தான். அது வயிற்றை ஆற்றுகிறது என்பதை அல்ல. அந்த வித்தியாசம் எனக்குத் தெரிந்தே இருந்தது. பின்னாளில் படித்தவர்கள் சொல்லக் கேட்டேன்: இந்த நல்ல கிருமிகளை வைத்து நிறையவே சோதித்தார்களாம், போக்கு ஒரு நாள் முன்னதாக நிற்கிறது என்று முதலில் சொன்னார்களாம், பிறகு பெரிய அளவில் சோதித்தவர்கள் அவ்வளவு வித்தியாசம் இல்லை என்றார்களாம், எந்தக் கிருமி என்பதையும் பொறுத்ததாம். மிஸ்ஸி மாடிப்படியில் உட்கார்ந்து சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான். செத்த மோரையும் உயிருள்ள மோரையும் அவர்களும் ஒப்பிட்டுப் பார்த்தார்களா என்று கேட்டேன். சில சோதனைகளில் அப்படியும் செய்தார்கள் என்றார் அவர்களில் ஒருவர். நாலாம் வகுப்புக்காரி எனக்கு அன்று நெஞ்சு நிமிர்ந்தது. அதில் பாதியை நான் அப்போதே செய்துவிட்டேனே!

அந்த வாரத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு ஒன்றுமே போகவில்லை. கழி காலியாகக் கிடந்தது. கீழேயிருந்து முடிதிருத்தும் கடைக்காரர் கையைத் தட்டினார். வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். நானோ, ஏன் நின்றது, மொத்தமாக அடைத்துக்கொண்டதா என்று அவள் வயிற்றைத் தடவியபடியே பொழுதைக் கழித்தேன்.

திங்கட்கிழமை காலை, என் வீட்டுக்காரர் வேலைக்குப் படி இறங்கும் நேரம். நான் சமையலறைத் தரையில் காலை நீட்டி, பிள்ளையைக் கால்மேல் உட்கார வைத்து, கீழே பழைய பேப்பரை விரித்திருந்தேன். அவள் முக்கினாள். முகம் சிவந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

கெட்டியாக, மஞ்சளாக, ஒழுங்காக இருந்தது. தண்ணீர் இல்லை, சளி இல்லை. அதைப் போல அழகான ஒன்றை அந்த வருஷம் நான் பார்க்கவில்லை.

"என்னங்க!" என்று கத்தினேன். "என்னங்க, வாங்க!"

வேலைக்குக் கிளம்புகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பதும் எங்களுக்கு ஒரு சாத்திரம். அக்கா தலையில் அடித்துக்கொண்டார். அவர் பதறி நாலு நாலு படியாகத் தாவி மேலே வந்தார். அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத பயம் இருந்தது. நான் மட்டும்தான் பயப்படுகிறேன் என்று அத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"பாருங்க," என்று பேப்பரைக் காட்டினேன்.

அவர் குனிந்தார். தீபாராதனை பார்க்கிற மாதிரி நிதானமாகப் பார்த்தார். அக்காவும் ஈரக் கையோடு வந்து குனிந்தார். மற்ற இரண்டு அறைக்காரர்களும் வந்து நின்றார்கள். ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை.

"நல்லா இருக்கு," என்றார் என் வீட்டுக்காரர். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"பூனைக்கு நன்றி சொல்லுங்க," என்றார் அக்கா.

நான் சன்னலுக்கு ஓடி, சந்து முழுக்கக் கேட்கும்படி, கெட்டியாப் போயிட்டா, கெட்டியாப் போயிட்டா என்று கத்தினேன். வெட்கமே இல்லை. நாற்காலியில் பாதி முடி வெட்டிய தலையோடு இருந்த ஒரு ஆள் எட்டிப் பார்த்து, யார், எங்கே போயிட்டா என்று கேட்டார். கடைக்காரர் அவருக்கு விளக்கிச் சொன்னது மேலே வரைக்கும் கேட்டது.

பிள்ளையைக் கழுவி இறக்கி விட்டேன். அவள் தவழ்ந்துபோய், வேலைக்கு எடுத்துப்போக அவர் கட்டி வைத்திருந்த சோற்றுப் பொட்டலத்தைப் பிடித்து இழுத்தாள். எட்டு நாளாகத் தலையைத் தூக்காத பிள்ளை. அவர் தரையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார். குழையக் குழையப் பிசைந்து, விரல் நுனியில் எடுத்து ஊட்டினார். அவள் வாங்கி விழுங்கிவிட்டு, அவர் விரலையும் சேர்த்துக் கடித்தாள்.

"அய்யோ, கையைக் கழுவினீங்களா?" என்றேன்.

"கொதிக்க வெச்சேன்," என்றார். அன்று அவர் வேலைக்குப் போகவில்லை.